கத்திரியில் ஹீட்டர்

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி, சர்வீஸ் ரோட்டில்
என் ஷெட்டுக்குள் வந்து நின்றது
கட்டிலும் கக்கூஸும் வைத்த ஒரு வேன்.
"ஹீட்டர் ஸ்டார்ட் ஆகல" என்றார் இறங்கியவர்.
ரேடியோவை நிறுத்திவிட்டு
மறுபடி கேட்டேன்.
ஹீட்டர்தான்.

தகரக் கூரைக்குக் கீழே பகல் பதினொன்றரை.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் தொட முடிகிறது.
ஒச்சப்பன் சிரிப்பை அடக்க
டயருக்குப் பின்னால் போய்விட்டான்.

காமராசர் சாலையில் சாயக்கடை வைத்திருக்கும் நாகேந்திரன்,
அவர் மனைவி சுபாஷிணி.
போன டிசம்பரில் மன்னவனூரில்
ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு
இருந்த சேலை வேட்டி எல்லாவற்றையும் போர்த்தி
விடியும்வரை பல் கிட்டிக் கிடந்தார்களாம்.
நாளைக் காலை மறுபடி மலையேறுகிறார்கள்.

பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃபியூஸ் போகவில்லை.
கேஸ் இருக்கிறது, அடுப்பு நீலமாய் எரிகிறது.
எர்த் வயரைச் சுரண்டி மாட்டினேன்.
ஸ்விட்சைத் தட்டினால்
கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
ஒரு மணி நேரம் ஆயிற்று.
சுவரில் இருந்த சின்னப் பெட்டியை அப்போதுதான் படித்தேன்:
வேண்டியது இருபத்திரண்டு. இருப்பது முப்பத்தொன்பது.

அட, அது கெட்டுப்போகவில்லை.
எங்கள் எல்லோரையும்விட
அதற்குத்தான் புத்தி இருந்திருக்கிறது.

திருமங்கலத்துக்கு டிவிஎஸ்ஸில் போன ஒச்சப்பன்
மீன்கடையில் ஐஸ் வாங்கி வந்தான்.
பாலித்தீன் பையில் கட்டி
பெட்டியின் நெஞ்சில் வைத்துப் பிடித்தேன்,
காய்ச்சல் பிள்ளைக்கு ஈரத்துணி போடுவதுபோல.
முப்பத்தாறு. முப்பத்தொன்று.
வேனுக்குள் லேசாக நெத்திலி வாசம்.
இருபத்தி நான்கு.
யாரும் பேசவில்லை.
இருபத்தொன்றில் ஒரு 'டிக்'.

காற்றாடி சுற்றியது. பொறி தட்டியது,
டக் டக் டக்.
தீ எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.
மூன்று தடவை கூப்பிடும்.
அப்புறம் வாயைத் திறக்காது.
எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்,
இதே கம்பெனி.

வெளியே போய், வேனின் விலாவில்
புகை போகும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன்.
பாதியை அடைத்துக்கொண்டு
செம்மண் உருண்டை.
குளவிக்கூடு.

ஸ்க்ரூ டிரைவரை நுழைக்கப் போனேன்.
"இருங்க" என்றார் அந்தம்மா.
குளவி கூடு கட்டினால் வீட்டில் என்ன வரும் என்று
மதுரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.
நாகேந்திரன் பெட்ரோல் பங்கின் விலைப்பலகையை
ரொம்ப நேரம் படித்தார்.
கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று
நான் கேட்கவில்லை.
ஒச்சப்பன் கேட்க வாய் திறந்தான்,
காலை மிதித்தேன்.

அவரே குனிந்து பார்த்தார்.
மண்ணில் ஒரு பக்கம், பென்சில் முனை அளவு துளை.
"உள்ள இருந்தது வெளிய போயிருச்சும்மா" என்றேன்.
"தெரியுது" என்றார்.
ஸ்க்ரூ டிரைவரை வாங்கி
அவசரமே இல்லாமல் பெயர்த்தார்.
பெரிய துண்டு உடையாமல் வந்தது.
கைக்குட்டையில் முடிந்து
ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டார்.

மறுபடி ஐஸ், மறுபடி டக் டக்.
இந்தத் தடவை 'புப்' என்று பிடித்தது.
ஆவி பறக்கிற காற்று முகத்தில் அடிக்க
சட்டை முதுகில் ஒட்ட, நாலு பேரும்
நகராமல் அதன் முன்னால் நின்றோம்.
நாகேந்திரன் கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்,
சத்தியமாக.

ஐஸ் தண்ணீராகிச் சொட்டியது.
எண் மளமளவென்று ஏற, தானாக அணைந்தது.
"ரிப்பேர் இல்ல, போதும்னு நிக்குது" என்றேன்
யாரும் கேட்கும் முன்பே.

பில்லில் கடைசி வரி:
ஐஸ், முப்பது ரூபாய்.
ஒச்சப்பன் மிச்சத்தைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நாள் முழுக்க ஷெட்டில்
நெத்திலி வாசம்.